கன்னடம் பேச வரும், படிக்க வருமா?

சட்டம்: வாசகர் கேள்வி பதில்

போலீஸ் கைது, வீட்டுச் சோதனை, பொருள் பறிமுதல் பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. கீழே ‘சன்ஹிதா’ என்று வருவது அதுதான். பிரிவு எண்கள் எல்லாம் அதன்படியே.

கேள்வி: அல்சூரில் குடியிருக்கிறோம். இரவு 11.30 மணிக்கு இரண்டு பேர் மஃப்டியில் வந்து, ‘சும்மா விசாரணைதான், காலையில் அனுப்பிவிடுகிறோம்’ என்று என் தம்பியைக் கூட்டிப் போனார்கள். மறுநாள் ராத்திரிதான் ‘கைது’ என்றார்கள். கன்னடத்தில் அடித்த நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தம்பி கன்னடம் நன்றாகப் பேசுவான், எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கையெழுத்து செல்லுமா?

‘சும்மா விசாரணை’ என்று ஒன்று சட்டத்தில் கிடையாது அம்மா. சந்தேகப்படுகிறவரை அழைக்க வேண்டுமானால் சன்ஹிதா 35(3)-ன் கீழ் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நாள், நேரம், இடம் குறித்து வரச் சொல்ல வேண்டும். சாட்சியாக அழைப்பதானாலும் பிரிவு 179-ன் கீழ் எழுத்தில் உத்தரவு வேண்டும். இரண்டும் இல்லாமல், எழுந்து போக முடியாதபடி ஒருவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தால், போலீஸ் அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் அது காவலில் வைத்ததுதான்.

உங்கள் தம்பி விஷயத்தில் இது ஏன் முக்கியம் என்றால், அரசியலமைப்பின் 22(2) பிரிவு சொல்லும் 24 மணி நேரம் இதில்தான் தொங்குகிறது. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். தாளில் கைது என்று எழுதிய நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் ஒரு முழு நாளை விழுங்கிவிடலாம். ஆள் தன் இஷ்டப்படி நடமாட முடியாமல் போன நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்த நேரத்தை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். கூட்டிப் போன மறு நிமிடமே 112-க்கு அழைத்து, ‘இன்னாரை இத்தனை மணிக்கு இந்த வீட்டிலிருந்து அழைத்துப் போயிருக்கிறார்கள், எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை’ என்று பதிவு செய்யுங்கள். அதே வாசகத்தைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். தெருமுனைக் கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே பதிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நாளில் அது அழிந்துவிடும். ஸ்டேஷன் கேமராப் பதிவையும் பாதுகாக்கும்படி எழுதிக் கேட்கலாம். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும் என்றும், குறைந்தது ஓராண்டு என்றும் சொல்லியிருக்கிறது.

இனி அந்தத் தாள்கள். ஒருவரைக் கைது செய்தால் போலீஸ் தயாரிக்க வேண்டிய முதல் தாள் கைதுக் குறிப்பு, பிரிவு 36. அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். கைது செய்யும் அதிகாரியின் பெயர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். 1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிகள் இவை. பிறகு சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. இரண்டாவது தாள்தான் உயிர்நாடி: கைதுக்கான காரணம். அரசியலமைப்பின் 22(1) பிரிவும் சன்ஹிதா 47-ம் அதைக் கேட்கின்றன.

இதில் சட்டம் கடந்த சில ஆண்டுகளில் வேகமாக முன்னேறியிருக்கிறது. பங்கஜ் பன்சல் வழக்கில் 2023-ல் பணமோசடித் தடுப்புச் சட்டக் கைதுகளுக்கும், பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் 2024-ல் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டக் கைதுகளுக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது. காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில். அந்த நிமிடமே எழுதித்தர இயலாவிட்டால் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது தாள் கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம், ஆளை விட்டாக வேண்டும். (காரணத்தை எழுத்தில் கொடுத்த பிறகு போலீஸ் மறுபடி காவல் கேட்டு மனுப் போட வழி உண்டு. அதையும் தெரிந்து வைத்திருங்கள்.)

பெங்களூரு தமிழர்கள் வழுக்குகிற இடம் இதுதான். இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், ஒரு வரி படிக்கத் தெரியாது. ஸ்டேஷனில் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டால், ‘கன்னடத்தில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார்’ என்று தாளின் அடியில் ஒரு வரி சேர்ந்துவிடும். பிறகு நீதிமன்றத்தில் அந்த வரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே கையெழுத்து போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலேயே தமிழில் தன் கைப்பட, ‘எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. தமிழில் தரப்படவில்லை’ என்று எழுதி, தேதியும் மணியும் போடச் சொல்லுங்கள். ஆறே சொல்தான், பின்னால் வக்கீலுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

தாளில் உள்ளதும் வெறும் பிரிவு எண்களாக இருந்தால் போதாது. ‘சாட்சிகளைக் கலைக்கக்கூடும், தலைமறைவாகக்கூடும்’ என்பவை யாருக்கும் பொருந்தும் பொதுவான வாசகங்கள். இந்த ஆள் என்ன செய்தார் என்று கருதி இவரைப் பிடித்தோம் என்பது இருக்க வேண்டும். புர்காயஸ்தா தீர்ப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

கையெழுத்து செல்லுமா என்று கேட்டீர்கள். அது எந்தத் தாள் என்பதைப் பொறுத்தது. வாக்குமூலம் என்று எழுதியதில் வாங்கியிருந்தால், போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. விசாரணையில் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்தே வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 181. ஆனால் அவர் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டதாகக் காட்டினால் அந்த அளவுக்கு ஏற்கப்படும். ஆகவே ‘மீட்பு மகஜர்’ (கண்டெடுத்த பொருளின் பட்டியல்) என்று ஏதாவது தாள் இருக்கிறதா என்று வக்கீலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் இரண்டு நிமிடம் மிகவும் முக்கியம். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், அடித்தார்களா, காரணத் தாள் எந்த மொழியில் வந்தது என்ற மூன்றையும் தம்பியே வாய் திறந்து, வேண்டுமானால் தமிழிலேயே, சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். அங்கே சொல்லாமல் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துச் சொன்னால் ‘ஏன் அன்றைக்கே சொல்லவில்லை’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். 24 மணி நேரம் கடந்தும் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அதற்கு முன்பே, பிரிவு 100-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம், சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரைத் தேடி மீட்கும் வாரண்ட் கேட்கவும் வழி உண்டு.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு, மைத்துனரைத் தேடி வாரண்ட் இல்லாமல் வந்து பீரோவைத் திறந்து சோதனை போட்டார்கள். 4 பவுன் சங்கிலி, கொஞ்சம் ரொக்கம் எடுத்துப் போனார்கள். ரசீது கேட்டதற்கு ‘ஸ்டேஷனில் வாங்கிக்கொள்’ என்கிறார்கள்.

வாரண்ட் இல்லாமல் வரலாமா என்றால், வரலாம். ஆனால் எதற்கு வந்தார்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள். கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பினால் பிரிவு 44-ன் கீழ் நுழைந்து அந்த ஆளைத் தேடலாம். ஆளைத் தேடி வந்தவருக்குப் பீரோவைத் திறக்கும் வேலை இல்லை. பொருளைத் தேடி வந்தால் பிரிவு 185. வழக்குக்குத் தேவையான பொருள் இங்கே இருக்கிறது, வாரண்ட் வாங்கப் போனால் தாமதமாகும் என்று நம்பும் காரணத்தையும், எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதையும் முதலில் கேஸ் டைரியில் எழுத வேண்டும்; அந்தக் குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டால் மாஜிஸ்திரேட் அந்த நகலை இலவசமாகத் தர வேண்டும். இந்த மனுவை யாரும் போடுவதே இல்லை. நீங்கள் போடுங்கள். 48 மணி நேரத்தில் அங்கே எதுவும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தாலே உங்கள் பக்கம் பாதி வலுப்பெற்றுவிடும்.

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பிரிவு 103 சொல்கிறது. அக்கம்பக்கத்துச் சுதந்திரமான ஆட்கள் இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்த பொருள், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்ற பட்டியல் அங்கேயே எழுதப்பட்டு அவர்கள் கையெழுத்திட வேண்டும். இதைத்தான் இங்கே மகஜர் என்கிறோம். வீட்டில் இருப்பவர் சோதனை முழுக்கக் கூட நிற்கலாம், பட்டியலின் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும். பெண்ணின் உடம்பைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான், கண்ணியம் குலையாமல். சன்ஹிதாவின் புதிய பிரிவு 105-ன்படி சோதனை, பட்டியல் எழுதுவது, சாட்சிகள் கையெழுத்திடுவது எல்லாமே ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். ‘வீடியோ எங்கே?’ என்ற கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள் அக்கம்பக்கத்தாருக்கு. கோர்ட்டு கேஸு என்று அலைய வேண்டும் என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். தனியாக சம்மன் வந்தாலொழிய மகஜர் சாட்சி கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நாம் கதவைச் சாத்தினால், பல ஸ்டேஷன்களில் தயாராக இருக்கும் அதே இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: எடுத்துப் போன சங்கிலியின் எடை கிராமில், டாலர் அடையாளம், வாங்கிய கடை ரசீது, ரொக்கத்தில் எத்தனை 500, எத்தனை 100, வந்தவர்களின் பெயர்ப் பட்டை, வண்டி எண், வந்த போன நேரம் எல்லாவற்றையும் இன்றே எழுதி, ஸ்டேஷனுக்கும் துணை கமிஷனருக்கும் பதிவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ‘மஞ்சள் உலோகம்’ என்றுதான் மகஜரில் எழுதுவார்கள், அது வழக்கமான நடைமுறைதான். எடை எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் விடாதீர்கள். எடை இல்லாத பட்டியலில் 4 பவுன் 3 பவுனாகத் திரும்பினாலும் கேட்க வழியில்லை.

கேள்வி: சட்டப்படி செய்யாத சோதனையில் கிடைத்த பொருளை நீதிமன்றம் தள்ளிவிடும்தானே? அமெரிக்காவில் அப்படித்தான் என்று படித்தேன். (வாசகர், லிங்கராஜபுரம்)

இங்கே அப்படி இல்லை. இது பலருக்கும் ஏமாற்றம் தரும் பதில். நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் போல ஒரு வாசகம் நம்முடையதில் கிடையாது என்று 1954-லேயே எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். 1974-ல் பூரண் மல் வழக்கில், சோதனை முறைகேடானது என்ற ஒரே காரணத்துக்காகச் சான்றைத் தள்ள முடியாது, வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் ஏற்கலாம் என்றார்கள். 2017 ஆகஸ்ட் 24-ல், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை, அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்குள் அடங்கியது என்று அறிவித்தார்கள், எம்.பி. சர்மா தீர்ப்பு அந்தரங்க உரிமையை மறுத்த அளவுக்குத் தள்ளுபடியானது. ஆனாலும் பூரண் மல் இன்னும் நிற்கிறது.

அப்படியானால் முறைகேட்டைச் சுட்டிக்காட்டி என்ன பயன்? சான்றின் நம்பகத்தன்மையை அது அரித்துவிடும். சாட்சி பொய், வீடியோ இல்லை, டைரியில் பதிவில்லை என்றால், பொருள் உங்கள் வீட்டில்தான் இருந்தது என்பதையே நீதிபதி நம்பத் தயங்குவார். போதைப்பொருள் வழக்கில் மட்டும் நிலை கடுமை: அந்தச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் என்னைச் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உடம்பில் சோதித்து எடுத்திருந்தால், அதை வைத்துத் தண்டிக்க முடியாது. இது உடம்புச் சோதனைக்கு மட்டும். கையிலிருந்த பைக்குப் பொருந்தாது.

கேள்வி: பொம்மனஹள்ளியில் பி.ஜி.யில் இருக்கிறேன். ராத்திரி நடந்து வரும்போது ஹொய்சளா போலீஸ் ரோந்து வண்டியில் வந்தவர்கள் போனைத் திறந்து வாட்ஸப் காட்டச் சொன்னார்கள். காட்டித்தான் ஆக வேண்டுமா?

எந்த வழக்கும் இல்லாமல், தெருவில் போகிறவரின் போனைப் புரட்டிப் பார்க்கப் பொதுவான அதிகாரம் போலீஸுக்குக் கிடையாது. ‘எந்த வழக்கில், எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள் ஸார்? எழுதிக் கொடுங்கள், ஒத்துழைக்கிறேன்’ என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். போனைக் கையில் இறுகப் பிடித்துத் தள்ளுமுள்ளு செய்தால், அரசு ஊழியரைத் தடுத்ததாக உங்கள் மேல் இல்லாத வழக்கு ஒன்று முளைக்கும். அவர்களே பிடுங்கிப் பார்த்தால் தடுக்காதீர்கள். ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று மட்டும் சொல்லி, நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கு இருந்தால் கதை வேறு. 2021 மார்ச்சில் வீரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், போனுக்குள் உள்ளதைப் பார்க்க, அவசர நிலை தவிர, நீதிமன்றத்தின் சோதனை வாரண்ட் வேண்டும், வீட்டைச் சோதிப்பதற்கு ஒப்பானது அது என்றது. அதே தீர்ப்பு, கடவுச்சொல்லைத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம், அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பது ஆகாது என்றும் சொல்கிறது. மறுத்தால் பாதகமாகக் கருத இடமுண்டு. அப்படிச் சாட்சி சொல்ல வைப்பதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 20(3) பிரிவை இவ்வளவு குறுக்கியது சரியல்ல என்பது எங்கள் கருத்து. 2010-ல் செல்வி வழக்கில், அதுவும் கர்நாடகத்திலிருந்து போனதுதான், மனதில் உள்ளதை வற்புறுத்தி வெளியே இழுக்கும் நார்கோ சோதனையை உச்ச நீதிமன்றம் தடுத்தது. மனப்பாடமாக வைத்திருக்கும் கடவுச்சொல்லும் மனதில் உள்ளதுதானே. ஆனால் இன்றைக்கு பெங்களூரில் நடப்பில் இருப்பது 2021 தீர்ப்பு.

போனைப் பறிமுதல் செய்தால் மகஜரில் மாடல், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் (போனின் அடையாள எண்கள்), சிம் எண், கீறல் விரிசல், ஆனில் இருந்ததா ஆஃபில் இருந்ததா என்பது வரை இருக்கட்டும். தரவின் ஹாஷ் மதிப்பை (தரவில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் கணினிக் குறியீடு) பதிவு செய்யும்படி கேளுங்கள். பின்னால் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதற்கு அதுதான் முத்திரை. போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தனிக் குற்றமாகும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பக்கத்து வீட்டுத் தகராறில் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். அம்மாவையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்.

போக வேண்டாம். 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்கள், எந்த வயதுப் பெண்களானாலும், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும், பிரிவு 179. அவர்களாக விரும்பினால் மட்டும் போகலாம். ஒரு எச்சரிக்கை: இது சாட்சிகளுக்கு. 35(3) நோட்டீஸ் வந்திருந்தால் குறித்த நாளில் ஆஜராக வேண்டும். ஆஜராகி ஒத்துழைத்துக்கொண்டே இருப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது, ஆஜராகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகும். அந்த நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 3 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக் குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி தேவை. பெண்களை, அசாதாரண சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு உதிக்கும் வரை கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு.

கேள்வி: ஒரு அடிதடி வழக்கில் என் ஸ்கூட்டரைப் பிடித்து 5 மாதமாக ஸ்டேஷன் வாசலில் மழையில் நிற்கிறது.

ஸ்டேஷனில் கெஞ்சிப் பயனில்லை, மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள், பிரிவு 497 அல்லது 503. 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே, வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டு வைப்பதில் பயனில்லை, படம் எடுத்துக்கொண்டு பிணையப் பத்திரத்தின் பேரில் உரியவரிடம் கொடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். மனுவோடு ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், ஆதார் நகல் வையுங்கள். ஆர்.சி. வேறொருவர் பெயரில் இருந்தால் அவரே மனுதாரராக வர வேண்டும். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: சிவாஜி நகரில் சிறிய டிபன் கடை. யாரோ யு.பி.ஐ.யில் 1,850 ரூபாய் கட்டினார்கள். அது மோசடிப் பணமாம். வேறு மாநிலப் போலீஸ் சொல்லி வங்கி என் கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டது.

வங்கிக் கணக்கும் பிரிவு 106-ல் வரும் ‘சொத்து’தான், பழைய சட்டத்தின் கீழ் 1999-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் முடக்கிய அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கியிடம் எழுத்தில் மூன்று விவரம் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், முடக்கச் சொன்ன ஸ்டேஷன், அதிகாரியின் மின்னஞ்சல். அந்த முகவரிக்கு, பணம் வந்த நாளின் பில், கடை உரிமம், கணக்கு அறிக்கை இணைத்து, ‘1,850 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடுவியுங்கள்’ என்று கேளுங்கள். தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. அதிகாரியும் பெரும்பாலும் இதற்கு இறங்கி வருவார். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம் 503 மனு, அல்லது இங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட். முழுத் தொகையையும் விடுவிக்கக் கேட்டு மாதக்கணக்கில் இழுபடுவதைவிட, முதலில் கடை ஓடட்டும்.

கேள்வி: வீடியோ காலில் மும்பை போலீஸ் சீருடையில் ஒருவர் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி, கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது என்கிறார்.

துண்டியுங்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. கைதுக்கு ஆள் நேரில் வர வேண்டும், மேலே சொன்ன தாள்கள் வர வேண்டும். பணம் அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

கேள்வி: வக்கீல் வைக்கப் பணமில்லாதவர் என்ன செய்வது? (வாசகி, ஆஸ்டின் டவுன்)

காவலில் இருக்கும் எவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவு. 15100-க்கு அழையுங்கள். முதல் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.